அறுநூறு மீட்டரும் அம்மாவின் முழங்காலும்

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நடப்பார், படிதான் ஆகாது. முதல்முறை அவரைப் பழக்கமில்லாத ஓர் ஊருக்குக் கூட்டிப்போனபோது, "ரயில் நிலையத்திலிருந்து 600 மீட்டர்" என்று விடுதிக்காரர்கள் போட்டிருந்ததை நம்பி அறை பிடித்தேன். போய் இறங்கினால், நிலைய வாசல் ஒரு பக்கம், விடுதி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். குறுக்கே நடைமேம்பாலம். அம்மா கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். ஒரு காலை ஏற்றி, அடுத்த காலையும் அதே படிக்குக் கொண்டுவந்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஒரு காலை ஏற்றினார். "பக்கம்னு சொன்னியேடா" என்று மட்டும் கேட்டார். நாலு நாளும் அந்தப் பாலம்தான்.

600 மீட்டர் என்பது பொய்யில்லை. மேப்பில் நேர்க்கோடு போட்டு அளந்த தூரம் அது.

இப்போதெல்லாம் அறையின் படங்களைப் பார்ப்பதற்கு முன்பே, நிலையத்திலிருந்து விடுதிக்கு நடைவழி போட்டுப் பார்த்துவிடுகிறேன். சாதாரண நடைக்கு 400 மீட்டர் என்றால் ஐந்து நிமிடம். நேர்த்தூரம் 400 இருக்கும்போது மேப் பதினைந்து நிமிடம் காட்டினால், நடுவில் ஆறோ தண்டவாளமோ விரைவுச்சாலையோ கிடக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அம்மாவுக்காக, காட்டுகிற நேரத்தோடு இன்னும் பாதி சேர்த்துக்கொள்வேன்.

அடுத்துப் பார்ப்பது தெருமுனைகளை. எனக்கு இதுதான் முக்கியம். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகர மையத்தையும் சால்ட் லேக் சிட்டி மையத்தையும் மேப்பில் ஒரே அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். முதல் ஊரில் ஒரு பிளாக்கின் (இரண்டு குறுக்குத்தெருக்களுக்கு நடுவிலுள்ள கட்டடத் தொகுதி) நீளம் சுமார் 60 மீட்டர், இரண்டாவதில் சுமார் 200. குறுக்குத்தெரு அடிக்கடி வந்தால் சாலையைக் கடக்க இடம் கிடைக்கும், தப்பான திருப்பத்தில் போனாலும் சீக்கிரம் திரும்பிவிடலாம். அம்மா நடப்பதே முனைக்கு முனைதான். ஒரு முனை வரை போவார், நிற்பார், அடுத்த முனையைப் பார்ப்பார். பார்சிலோனாவின் எஷாம்ப்ளா என்ற பகுதியில் பிளாக் சுமார் 113 மீட்டர். 1859இல் நகரத் திட்டமிடுநர் செர்தா போட்ட திட்டப்படி பிளாக்கின் மூலைகளைச் சீவிக் கட்டியிருப்பதால், ஒவ்வொரு சந்திப்பும் அகலமாக, வெளிச்சமாக இருக்கும். ஆனால் நடப்பவர் நேரே கடக்க முடியாது. கொஞ்சம் ஒதுங்கிப்போய்க் கடந்து, மறுபடி நேருக்கு வரவேண்டும். நல்ல முழங்காலுக்கு அது தெரியவே தெரியாது.

மேடு இன்னொன்று. தட்டையான மேப் அதைச் சொல்லாது. லிஸ்பனில் 1755 நிலநடுக்கத்துக்குப் பிறகு நேர்நேரான தெருக்களோடு திரும்பக் கட்டிய பைஷா என்ற பகுதி சமதளம். பக்கத்திலேயே அல்ஃபாமா என்ற பழைய பகுதி, படிக்கட்டுச் சந்துகளோடு மேட்டில் இருக்கிறது. மேப்பில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். பைஷாவிலிருந்து அதன் மறுபக்கத்து மேல்தெருவுக்கு ஆட்களை ஏற்றவே 1902இல் ஒரு லிஃப்ட் திறந்தார்கள் என்றால் ஏற்றம் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உயரக்கோடுகள் காட்டும் மேப்பை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

கடைசியாக, மேப்பிலேயே தெருவின் புகைப்படங்களைக் காட்டும் ஸ்ட்ரீட் வியூவில் விடுதி வாசலிலிருந்து இரண்டு பக்கமும் 'நடந்து' பார்ப்பேன். படம் எடுத்த மாதமும் வருடமும் அதிலேயே இருக்கும், அதைக் கவனிக்க வேண்டும். நடைபாதையில் வண்டி நிற்கிறதா, முனையில் சரிவு வைத்திருக்கிறார்களா, நீளமான வெற்றுச் சுவரா, கடைகளா என்று பார்ப்பேன். மாடிகளில் துணி காய்கிறதா, செடித்தொட்டி இருக்கிறதா என்றும் தேடுவேன். ஆள் குடியிருக்கிற தெருவில் இருட்டிய பிறகும் நடமாட்டம் இருக்கும். அலுவலகங்கள் மட்டும் உள்ள தெரு சாயங்காலமே அடங்கிவிடும்.

போன பயணத்தில் அப்படித் தேடும்போதுதான், விடுதியிலிருந்து இரண்டாவது முனையில் மரத்தடியில் ஒரு பெஞ்ச் கண்ணில் பட்டது. அந்த விடுதியையே புக் செய்தேன். மூன்றாம் நாள் காலை எழுந்தபோது அறையில் அம்மா இல்லை. பதறிப்போய்க் கீழே இறங்கினேன். அவர் தெருவில் எதிரே வந்துகொண்டிருந்தார், மெதுவாக.

"பெஞ்சு வரைக்கும் போயிட்டு வந்தேன். நீ தூங்கிட்டிருந்தே" என்றார்.