ஊதா மூடிக் குப்பி

அண்ணாவுக்குச் சேட்டுத் தெறி பூட்ட முடியாமல் போனதில்தான் தொடங்கியது. வலது கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலிருந்த தசை வற்றிக் குழி விழுந்திருந்தது. கிளிநொச்சியில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: முதுகில் கிடக்கிற செல் பீஸின், அதாவது எறிகணைச் சிதறலின் வேலை. 2009இல் பட்ட காயம். நாங்களும் நம்பி எட்டு மாதத்தைத் தொலைத்தோம்.

எம்ஆர்ஐயும் அந்தப் பீஸால்தான் இழுபட்டது. உடம்பில் உலோகம் இருந்தால் சும்மா உள்ளே விடமாட்டார்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்து, அது கிடக்கும் இடம் ஆபத்தில்லை என்று எழுதி வாங்க வேண்டும். வன்னி ஆட்கள் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், அலைச்சல் மிச்சம். கடைசியில் தசைக்குள் ஊசி விட்டுப் பார்க்கும் பரிசோதனையில் கால்களிலும் கோளாறு தெரிந்தது. நாக்கும் துடித்தது. முதுகுப் பீஸ் நாக்கைக் கெடுக்காது. நோயின் பெயர் ஏஎல்எஸ் என்றார்கள்; தசைகளை இயக்கும் நரம்புகள் சிதையும் நோய். ரிலுசோல் குளிசை, 50 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு.

இரவிரவாகத் தேடியதில் டொஃபெர்சன் என்ற ஊசி கண்ணில் பட்டது. அமெரிக்காவில் 2023 ஏப்ரலில் அனுமதித்திருந்தார்கள். நரம்பியல் நிபுணர் தாளில் கீறி விளக்கினார். எஸ்ஓடி1 மரபணு பழுதானால் அதிலிருந்து கெட்ட புரதம் உருவாகும். மரபணுவிலிருந்து புரதத்துக்குச் செய்தி கொண்டுபோகும் ஆர்என்ஏயில் இந்த மருந்து ஒட்டி அதை அழித்துவிடும், புரதம் குறையும். ஆனால் ஏஎல்எஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் அந்தப் பழுது.

108 பேரிடம் 28 வாரம் சோதித்தபோது நோயின் வேகம் குறைந்ததை உறுதியாகக் காட்ட முடியவில்லையாம். ஆனால் நரம்பு சிதையும்போது கசியும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் இரத்தத்தில் பாதிக்கு மேல் இறங்கியது. அதை நம்பித்தான் விரைவு அனுமதி கொடுத்தார்கள்.

அண்ணா வயல்காரன். “குளக்கட்டில கசியிற தண்ணி கலங்கி வந்தா உள்ள மண் அரிபடுது. தெளிஞ்சா நிண்டிட்டுது. அதைத்தானே பாக்கினம்?” என்றார். நிபுணர் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். “அதேதான் ஐயா.”

மரபணுப் பரிசோதனைக்கு முன் குடும்ப மரம் கீற வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்குக் கோடு. இறந்த வயது: பெரியப்பா 34, சித்தப்பா 29, மாமா 22. இந்த நோய் பெரும்பாலும் வரும் வயதுக்கே யாரும் போகவில்லை. ‘குடும்பத்தில் இல்லை’ என்று எழுதப் போன நிபுணர், ‘தெரியாது’ என்று எழுதினார்.

இரத்தம் ஊதா மூடிக் குப்பியில் எடுத்தார்கள். முதல் குப்பியை ஆய்வுகூடம் ஒன்று வார இறுதியில் அனுப்பாமல் வைத்துக் கெடுத்துவிட்டது. பிறகு கேட்டால், மன்னிப்பும் இல்லை. திரும்பவும் விடியற்காலை பஸ். செவ்வாய்க்கிழமைக்குள் கொடுங்கள், அதுதான் என் அனுபவம்.

ஆறு வாரத்தில் முடிவு வந்தது: எஸ்ஓடி1இல் பழுதில்லை. அந்த ஊசி அண்ணாவுக்கு இல்லை. சரி, நியூரோஃபிலமென்டையாவது அளக்கலாமா என்று கேட்டேன். “நரம்பு சிதையிறது தெரிஞ்ச விசயம். வேற நரம்பு நோய்களிலயும் அது ஏறும். காசை வையுங்கோ” என்றார் நிபுணர்.

அறிக்கையைக் கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் ஒட்டிவைத்திருக்கிறேன். நாளைக்கு வேறொரு மரபணுவுக்கு மருந்து வந்தால், எதையெதைப் பார்த்தார்கள் என்பதைத்தான் முதலில் கேட்பார்கள்.