20 மில்லிகிராம் போதுமா?

கீமோ மருந்து கலக்கும் அறையில் பெரும்பாலும் எல்லாக் கணக்கும் உடம்பை வைத்துத்தான். உயரம், எடை, அதிலிருந்து உடற்பரப்பு, அதற்கேற்ற மில்லிகிராம். நோயாளியின் எடை நன்றாகக் குறைந்துவிட்டால் டோஸையும் திருத்துவோம். மருந்தாளுநராக இந்தக் கணக்கிலேயே ஊறிப்போன என்னை நிவோலுமாப் என்ற புற்றுநோய் மருந்துதான் வேறு விதமாக யோசிக்க வைத்தது. இந்த மருந்து போய் உட்கார வேண்டிய இடங்கள் எவ்வளவு என்று பார்க்க வேண்டியிருந்தது.

அந்த இடத்துக்குப் பெயர் பிடி-1 (PD-1). நோயோடு போராடும் ரத்த வெள்ளையணுக்களில் ஒருவகையான டி செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஓர் ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கும் புரதம். டி செல் தன்னுடைய இன்னொரு ஏற்பியால் புற்றுச்செல்லை அடையாளம் கண்டு தாக்கத் தயாராகும். அந்த நேரத்தில் புற்றுச்செல் தன் மேலுள்ள பிடி-எல்1 புரதத்தைப் பிடி-1-உடன் பொருத்திவிட்டால், டி செல்லுக்குள் ‘நிறுத்து’ என்ற செய்தி போய்விடும். எதிரியைக் கண்டுகொண்டும் அது சும்மா இருந்துவிடும். கியோட்டோவில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வகம் 1992-இல் இந்த ஏற்பியைக் கண்டறிந்தது. 1999-இல், பிடி-1 இல்லாத எலிகளுக்கு, உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோய் வருவதை அதே குழு காட்டியது. மூட்டும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டன. நம் செல்கள் நம்மையே தாக்காமல் காப்பதுதான் இந்த ஏற்பியின் சொந்த வேலை. புற்றுநோய் அதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. நிவோலுமாப் பிடி-1-இல் போய் உட்கார்ந்து பிடி-எல்1-க்கு இடமில்லாமல் செய்கிறது.

முதலில் வந்த டோஸ் கிலோவுக்கு 3 மில்லிகிராம். பிறகு, எல்லாருக்கும் பொதுவாக 240 மில்லிகிராம் என்றானது. நம் ஊரில் வாய்ப்புற்றோடு வருபவர்களில் பெரும்பாலோர் வீட்டை விற்றாலும் தொடர்ந்து கட்ட முடியாத செலவு அது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை நோய் முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் ஆகிய மாத்திரைகளை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம். அதோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் சேர்த்தவர்களில் 43.4 சதவீதம்.

கிடைப்பதில் சிறிய வயலே (மருந்துக் குப்பி) 40 மில்லிகிராம், 4 மில்லிலிட்டர். ஒருவருக்கு 2 மில்லி போதும். அதனால் இரண்டு நோயாளிகளை ஒரே நாள், ஒரே நேரத்துக்கு வரவழைத்து ஒரு வயலைப் பங்கிடுகிறோம். முந்தைய நாள் மாலை இரு வீட்டுக்கும் போன் போடுவது என் வேலை. ஒருவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் இன்னொருவருக்கு யாரைச் சேர்ப்பது என்று பட்டியலைத் துழாவ வேண்டும். இதை அலுப்பான வேலையென்று நான் நினைப்பதில்லை; அந்த இரண்டு மில்லியில் ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளமே இருக்கிறது.

ஒருநாள் நோயாளி ஒருவரின் மகன் கேட்டான்: “மேடம், அப்பாவுக்கு ரெண்டு மில்லிதான் எடுத்தீங்களாம். எங்ககிட்ட காசு இல்லன்னுதானே?”

“காசும் ஒரு காரணந்தான் தம்பி, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அம்பது சீட்டு பஸ்ல ஐந்நூறு பேர் ஏறினாலும் உக்காரப்போறது அம்பது பேர்தானே?”

நான் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறது. 2010-இல் வெளியான முதல்கட்ட ஆய்வில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் கொடுத்தபோதும் 10 மில்லிகிராம் கொடுத்தபோதும், ரத்தத்திலுள்ள டி செல்களில் மருந்து பிடித்துக்கொண்ட பிடி-1-இன் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அறுபது கிலோ மனிதருக்கு 20 மில்லிகிராம் என்பது கிலோவுக்கு 0.33.

அவன் விடவில்லை. “அப்ப எல்லாருக்கும் இதையே போடலாமே?”

நியாயமான கேள்வி. மும்பை ஆய்வு 20 மில்லிகிராமை முழு டோஸோடு ஒப்பிடவில்லை; நிவோலுமாப் சேர்க்காததோடுதான் ஒப்பிட்டது. ஏற்பிகளை எண்ணிப் பார்த்ததும் ரத்தத்தில்தான், கட்டிக்குள் அல்ல. முழு டோஸுக்கு வசதி உள்ளவரிடம் இதுவே போதும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வசதியில்லாதவரிடம் இது ஒப்புக்குப் போடுவது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவனிடம் இரண்டையும் சொன்னேன்.

இன்னொரு விஷயமும் இதே ஏற்பியோடு ஒட்டியது. அந்த 2010 ஆய்வில், ஊசி போட்டு இரண்டு மாதம் கழித்தும் 70 சதவீதத்துக்கு மேற்பட்ட பிடி-1-ஐ மருந்து விடாமல் பிடித்திருந்தது. அதற்குள் ரத்தத்தில் மருந்தின் அளவு வெகுவாகக் குறைந்திருக்கும். கீமோவின் வாந்தி சில நாளில் அடங்கிவிடும். இதன் பக்கவிளைவோ சிகிச்சையை நிறுத்திப் பல மாதம் கழித்துக்கூட வரலாம். குடலை டி செல்கள் தாக்கினால் வயிற்றுப்போக்கு, நுரையீரலைத் தாக்கினால் வறட்டு இருமலும் மூச்சுவாங்கலும், தைராய்டைத் தாக்கினால் தீராத அசதி. டோஸ் சிறியது என்பதால் இவையெல்லாம் வராது என்று இருந்துவிடக்கூடாது.

ஊருக்குத் திரும்பியவர்கள் பக்கத்து கிளினிக்குக்குத்தான் போவார்கள். அங்கே வயிற்றுப்போக்கு என்று மட்டும் சொன்னால் சாப்பாட்டுக் கோளாறு என்று நினைத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். குடல் அழற்சி முற்றிக்கொண்டே போகும். தேவைப்படுவதோ பெரும்பாலும் ஸ்டீராய்டு. ஆகவே கடைசி டோஸ் முடிந்தவர்களின் ஃபைலில் மருந்தின் பெயர், கடைசியாகப் போட்ட தேதி, கவனிக்க வேண்டிய அறிகுறிகள், எங்கள் போன் நம்பர் எல்லாம் எழுதிய தாளை வைத்துத் தைத்துவிடுகிறேன். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அந்தத் தாளைக் காட்டச் சொல்கிறேன்.