அக்சிலரேட்டரில் பணம் சின்ன விஷயம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் முறுக்கு சுட்டு இணையத்தில் விற்க நினைப்பவர்களுக்கும் அக்சிலரேட்டர் (புதுத் தொழில்களுக்குக் குறுகிய காலப் பயிற்சியும் முதலீடும் தரும் திட்டம்) என்றதும் பணம்தான் கண்ணில் படுகிறது. 2005இல் தொடங்கிய அமெரிக்க அக்சிலரேட்டரான ஒய் காம்பினேட்டர் 7 விழுக்காடு பங்குக்கு 125,000 டாலர் தருகிறது, உண்மைதான். ஆனால் அதன் பலமே மூன்று மாதக் கெடுதான்.

வாரம் ஒரு கணிப்பு, வாரம் ஒரு சோதனை. "ஈப்போக்காரர் ஒரு பாக்கெட்டை 12 வெள்ளிக்கு வாங்குவார்" என்பது கணிப்பு. அதற்குச் செயலி எதற்கு? வாட்ஸ்அப்பில் விலையோடு படம் போட்டு 30 பேரிடம் முன்பணம் கேளுங்கள். "நல்லா இருக்குக்கா" என்பவர்களை விடுங்கள், காசு அனுப்பியவர்தான் கணக்கு.

ஒரு பாக்கெட்டுக்கு மாவு, எண்ணெய், கேஸ், உறை எல்லாம் சேர்த்து 6 வெள்ளி, கூரியர் 7 என்று வைத்தால் பாக்கெட்டுக்கு 1 வெள்ளி நட்டம். விற்க விற்க நட்டமும் ஏறும். கூரியரின் ஒரு கிலோ கட்டணத்துக்குள் மூன்று பாக்கெட்டாகக் கட்டினால் 11 வெள்ளி லாபம் நிற்கும். அக்சிலரேட்டரில் நல்ல வழிகாட்டி முதல் வாரமே இந்தக் கணக்கைக் கேட்பார்.

வழிகாட்டி பத்துப் பேர் இருந்தால் பத்து வழி சொல்வார்கள். எல்லாவற்றையும் கேட்டு ஓடுபவர்தான் தடுமாறுகிறார். இன்னொன்று, கையிருப்பு 18,000 வெள்ளி, மாதச் செலவு 3,000 என்றால் தொழிலின் ஆயுள் ஆறு மாதம். மூன்று மாதப் பயிற்சியே அதில் பாதியைத் தின்றுவிடும்.