கால் தரிக்கவில்லை என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள்

உசிலம்பட்டியிலிருந்து விடியக்காலை பஸ் பிடித்து மதுரைக்கு வந்து, ஓ.பி. சீட்டுப் போட்டு, மனநலப் பிரிவு வரிசையில் உட்கார்ந்தால், டாக்டர் முன்னால் கிடைப்பது சில நிமிடம். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாரா?" "சாப்பிடுறார் சார்." அதே மாத்திரை மறுபடி. வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் பிரிக்காத அட்டைகள் கிடக்கும்.

நோயாளிகளுடன் துணைக்குப் போய்வருவதில் தெரிந்துகொண்டது: "மாட்டேன்" என்கிறவருக்கு உடம்பில் ஏதோ ஒன்று தாங்கமுடியாமல் போயிருக்கும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் மாதிரி மனநோய் மருந்துகளில் கால் தரிக்காது. பெஞ்சில் உட்காருவார், குதிகால் தரையில் தட்டிக்கொண்டே இருக்கும், எழுந்து நாலு எட்டு நடப்பார், திரும்ப உட்காருவார். கூட வந்தவர் "நோய் முத்திருச்சு" என்று சொல்ல, டோஸ் கூடும்; தவிப்பும் கூடும். மாத்திரை ஆரம்பித்து, அல்லது கூட்டி, எத்தனையாவது நாளில் தொடங்கியது என்று தேதி போட்டுச் சொல்லுங்கள். டோஸைக் குறைத்தோ, ப்ரோப்ரனலால் சேர்த்தோ டாக்டரால் அடக்க முடியும்.

இதே மருந்துகளால் வரும் கை இறுக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் எழுதித் தருவது ட்ரைஹெக்ஸிபெனிடில் 2 மி.கி. மருந்து கவுன்டரில் அது இல்லையென்றால் 'சின்ன மாத்திரைதானே' என்று விட்டுவிடுகிறார்கள். பத்து நாளில் உடம்பு கட்டைபோல் ஆகிறது, நோய்க்கான பெரிய மாத்திரையும் நின்றுபோகிறது. அன்றைக்கே வெளியில் வாங்குங்கள். வயதானவருக்கு இந்தச் சின்ன மாத்திரையால் குழப்பம், மலச்சிக்கல் வந்தால் அதையும் சொல்லவேண்டும்.

வீணான பயணம், மனநிலை ஏறி இறங்குவதற்குத் தரும் லித்தியத்தில்தான். அதன் அளவு பார்க்க ரத்தம் எடுப்பது கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. இரவு 8 மணிக்குப் போட்டால் காலை 8 மணிக்கு எடுக்கவேண்டும். காலை மாத்திரை அதற்குப் பிறகு. அதை யாரும் சொல்லவில்லை. காலை மாத்திரையை விழுங்கிவிட்டு வந்த ஒருவருக்கு அளவு பொய்யாக ஏறிக் காட்ட, மறுவாரம் மறுபடி பஸ், ஒருநாள் கூலியும் போனது. வழக்கமாக இருக்கவேண்டிய அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்றாலோ, மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென் வாங்கிப் போட்டாலோ அளவு ஏறிவிடும். வாந்தி, பேதி, நாக்குழறல், தள்ளாட்டம் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

ஓலான்ஸபின் என்கிற மனநோய் மாத்திரையில் ராத்திரிப் பசியும் எடையும் கூடும். முதல் நாளே எடை பார்த்து எழுதிவையுங்கள், சர்க்கரையும் பாருங்கள்.

சில மருந்துகளால் மாதவிலக்கு நின்றது, மார்பில் பால் கசிவது, தாம்பத்தியத்தில் சிரமம்: அம்மா பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. "ரெண்டு நிமிஷம் வெளியே இருக்கேன் சார்" என்று நீங்களே எழுந்துவிடுங்கள். ஒருமுறை அப்படி எழுந்த பிறகுதான், நாலு மாதமாக மாத்திரையைத் துப்பியதன் காரணம் வெளியே வந்தது. மருந்தை மாற்றினார்கள், இப்போது தானாகவே கேட்டு வாங்கிப் போடுகிறார்.

க்ளோஸபின் என்கிற மனநோய் மாத்திரை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய டோஸில் திரும்ப ஆரம்பிக்கக்கூடாது, 12.5 மி.கி.யிலிருந்து படிப்படியாக ஏற்றவேண்டும். டாக்டரைப் பார்க்க நாளாகுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடுங்கள், தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.