ரெஜிஸ்டரில் நான் எழுதிய வார்த்தை

கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் ஆறு வருஷம் ராத்திரி ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். ஃபேக்டரிக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்களிடம் பச்சை இலை வாங்கி அரைப்பதுதான் வேலை. மத்தியானத்திலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும் இலையைத் தொட்டியில் பரப்பி, அடியில் ஃபேன் போட்டு, பன்னிரண்டு மணி நேரமாவது வாட்டி, பின்னிரவில்தான் மெஷினில் விடுவோம். ஊர் தூங்குகிற நேரத்தில்தான் எங்களுக்கு வேலை சூடு பிடிக்கும்.

சிடிசி மெஷினைப் பார்க்காதவர்களுக்கு: பல் வெட்டிய இரண்டு ஸ்டீல் ரோலர்கள் ஒன்றையொன்று உரசுகிற மாதிரி உள்பக்கமாகச் சுற்றும். ஒன்று நிமிஷத்துக்கு 70 சுற்று என்றால் இன்னொன்று 700. அந்த வேக வித்தியாசத்தில்தான் இலை நசுங்கிக் கிழிந்து சுருண்டு தூளாகிறது. இப்படி மூன்று நான்கு ஜோடி வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றையும் ஒரு கட் என்போம். இலை போய் விழும் வாய்க்கு மேல் இரும்பு வலை மூடி ஒன்று உண்டு, நாலு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும்.

2011 நவம்பரில் அந்த மூடி சுவரோரம் சாய்ந்திருந்தது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, இரண்டு வாரமாக. கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் நன்றாகப் பிடிக்கும், அந்தச் சமயம் இலையும் கொட்டோ கொட்டென்று வரும், வருகிற இலை முழுக்க ஈரம். ஈர இலை சரியாக வாடாது, வாடாத இலை ரோலர் வாயில் கட்டி கட்டியாக அடைத்துக்கொள்ளும், அடைக்கிற ஒவ்வொரு தடவையும் மெஷினை நிறுத்தி நாலு போல்ட்டைக் கழற்றி எடுத்துவிட்டு மறுபடி மாட்டினால் அரை மணி நேரம் காலி. ஆபீசிலிருந்து ‘இன்னும் எத்தனை கிலோ பாக்கி’ என்று போன் மேல் போன். ஃபிட்டர் கழற்றி வைத்தார். திருப்பி மாட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. மேனேஜர் தினமும் ஒரு சுற்று வருவார், அவரும் அதைத் தாண்டித்தான் போவார். அந்த மூடிக்கு மேல் யாரோ ஈரத் துண்டு காயப்போட்டிருந்தது இப்போதும் நினைவிருக்கிறது.

மூன்றாவது கட் பக்கத்தில் நின்றவரை அண்ணன் என்றே சொல்கிறேன், அப்படித்தான் கூப்பிடுவேன். குடும்பம் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்து இந்த மலையில் மறுபடியும் தேயிலைக்கே வேலை செய்யப் போனவர்களின் பிள்ளை. வேலையில் என்னைவிடப் பத்து மடங்கு தெரிந்தவர். வேலை நேரத்தில் ‘சார்’, கேட்டுக்கு வெளியே வந்துவிட்டால் ‘தம்பி’.

அன்றைக்கு விடியக்காலை நாலு மணி இருக்கும். கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தார், எல்லோருமே போட்டிருந்தோம். அந்த நேரத்துக் குளிரும், தூள் காயாமலிருக்க அடிக்கிற நீர்த்தூவலும் சேர்ந்தால் சட்டையோடு நிற்க முடியாது. வாயில் அடைத்த இலையைக் கையால் தள்ளிவிட்டார், ஸ்வெட்டரின் கை நூல் ரோலர் பல்லில் மாட்டியது. நான் பத்தடி தள்ளி நின்றேன். சத்தம் கேட்டுத் திரும்பி சுவிட்சை அடிக்க எனக்கு இரண்டு மூன்று வினாடி ஆகியிருக்கும். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. அதற்கு மேல் விவரிக்கப் போவதில்லை.

இலை ஏற்றும் ஜீப்பில் குன்னூருக்கு அனுப்பிவிட்டு மேனேஜருக்குப் போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: ‘எந்த கட்?’ எனக்குப் புரியவில்லை. ‘மூணாவதா, நாலாவதா? எவ்வளவு தூளை எடுத்துக் கொட்டணும்னு பாக்கணும்ல?’ அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தூளைக் கொட்டத்தானே வேண்டும், அதை யாராவது ஒருவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். முதல் கேள்வியாக அதுவே வந்ததுதான் இன்றுவரை தொண்டையில் நிற்கிறது.

காலையில் ஆபீசுக்குக் கூப்பிட்டு விபத்து ரெஜிஸ்டரை நீட்டினார்கள். ‘காரணம்’ என்று ஒரு கட்டம். ‘என்ன சார் எழுதட்டும்?’ என்று கேட்டேன். ‘என்ன நடந்துச்சோ அதை எழுதுப்பா, கை வெச்சது யாரு, அவர்தானே?’ என்றார் மேனேஜர். ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு அப்போது 27 வயது, கல்யாணமாகி நாலு மாசம். இது சாக்கு இல்லை, கணக்குக்குச் சொல்கிறேன்.

அடுத்து மஸ்டர், அதாவது வருகைப் பதிவேடு. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலெல்லாம் வேலைக்கு வந்ததாகப் போடச் சொன்னார்கள். ‘பாவம்பா, சம்பளம் போகக் கூடாது’ என்றார்கள். எனக்கும் அது நல்ல மனசாகத்தான் தெரிந்தது. அடிபட்டவர் 48 மணி நேரத்துக்கு வேலைக்கு வர முடியாமல் போனால் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தகவல் அனுப்பியாக வேண்டும், மஸ்டரில் ஆள் வந்ததாக இருந்தால் விபத்தே இல்லை என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் விளங்கியது. அண்ணன் வீட்டில் அதற்காக எங்களைக் கும்பிட்டார்கள்.

கையில் 15,000 ரூபாய் கொடுத்து, முத்திரைத்தாளில் ‘இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்று இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கினார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவர் அவர்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மற்ற ஃபேக்டரிகளில் இப்படி நடந்தால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு இருக்கும், வைத்தியமும் சம்பளத்தில் 90 சதவீதமும் கிடைக்கும். டீ ஃபேக்டரிக்கு அது கிடையாது. 1948-ம் வருஷத்து இ.எஸ்.ஐ. சட்டத்தில் காபி, ரப்பர், சர்க்கரை வரிசையில் தேயிலை தயாரிப்பும் ‘பருவகாலத் தொழிற்சாலை’ என்று விலக்கப்பட்டிருந்தது. எங்கள் மெஷின் தீபாவளிக்கு ஒரு நாள் நிற்கும், பொங்கலுக்கு ஒரு நாள் நிற்கும். இதற்குப் பேர் பருவகாலம்.

அதனால் அப்போது மிச்சம் இருந்தது 1923-ல் வெள்ளைக்காரன் போட்ட நஷ்டஈட்டுச் சட்டம் ஒன்றுதான். படித்துப் பார்த்தால் பழைய சட்டம் மோசமில்லை. உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் அதில் ஒரு சதவீதம் போட்டிருந்தார்கள்: ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20, மூன்று போனால் 30, கட்டைவிரலுக்கு மட்டும் தனியே 30. படிக்கும்போது கறிக்கடை விலைப்பட்டியல் மாதிரி இருக்கும். ஆனால் அதில் எங்கேயும் ‘கவனக்குறைவாக இருந்தால் பணம் கிடையாது’ என்று இல்லை. குடித்திருந்தாலோ, பாதுகாப்புக்காகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறினாலோ, காப்பு மூடியைத் தெரிந்தே அகற்றினாலோதான் முதலாளி மறுக்கலாம் என்று இருந்தது. கவனம் தப்புவது மனுஷ குணம், நாலு மணிக் குளிரில் யாருக்கும் தப்பும் என்று 1923-லேயே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபேக்டரி சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், ஓடுகிற மெஷினைப் பரிசோதித்து எண்ணெய் போடுகிற ஆளுக்கு உடம்போடு ஒட்டிய உடுப்பை நிர்வாகமே கொடுக்க வேண்டும் என்றது. ஆறு வருஷத்தில் அப்படி ஒரு உடுப்பை நான் கண்ணால் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் காட்டெருமை முட்டினால் மறுநாள் பேப்பரில் வரும், வனத்துறை வரும், எம்.எல்.ஏ. வருவார். அது வரவும் வேண்டும்தான். ரோலர் முட்டினால் யாரும் வருவதில்லை.

ஒரு வருஷம் கழித்து நான் குந்தா பக்கம் வேறு ஃபேக்டரிக்கு மாறிவிட்டேன். கோத்தகிரி சந்தையில் ஒரு நாள் அண்ணனைப் பார்த்தேன். பழைய இடத்திலேயே வாட்ச்மேனாகப் போட்டிருந்தார்கள், சம்பளம் குறைச்சல். டீ வாங்கிக் கொடுத்தேன், கிளாஸை இடது கையில் பிடித்தார். நான் என்னவோ சொல்ல வாயெடுக்க, அவர் முந்திக்கொண்டார்: ‘யார் மேலயும் தப்பில்ல தம்பி. நான்தான் கவனமில்லாம கையை விட்டுட்டேன். ரெஜிஸ்டர்லயே அப்படித்தான போட்டிருக்கு?’

எனக்கு டீ இறங்கவில்லை.

அன்றைக்கே அவரை ஒரு யூனியன்காரரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும், நல்லவேளை நாள் இருந்தது. யூனியன்காரர் பேப்பரில் கணக்குப் போட்டார். அண்ணனுக்கு வயது 40, அதற்குச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள பெருக்கும் எண் 184.17. சம்பளம் 5,000, அதில் 60 சதவீதம் 3,000. பெருக்கி, இரண்டு விரலுக்கு 20 சதவீதம் எடுத்தால் 1,10,502 ரூபாய். தாமதத்துக்கு 12 சதவீத வட்டி தனி. முத்திரைத்தாளைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தார். தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அந்தச் சட்டத்தின்படி அது செல்லாது.

தொழிலாளர் துணை ஆணையர் முன்னால் விசாரணை. மூடியைக் கழற்றியது அண்ணன்தான் என்பது ஃபேக்டரிக்காரர்கள் வாதம், அதை உடைக்க நான் சாட்சி சொன்னேன். ஃபிட்டர் கழற்றியது, இரண்டு வாரம் சுவரோரம் கிடந்தது, மேனேஜர் பார்த்தது, நான் பார்த்தது எல்லாம் சொன்னேன். அவர்கள் வக்கீல் எழுந்து ரெஜிஸ்டரை என் முன்னால் வைத்தார்.

‘இது யார் கையெழுத்து?’

‘என்னுடையது.’

‘அப்போ இதில் எழுதியிருப்பது பொய்யா?’

‘ஆமாம்’ என்றேன். அண்ணன் பின்பெஞ்சிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார். அதை எழுதியது நான் என்று அதுவரை அவருக்குத் தெரியாது.