கட்டைக்குள்ள இருந்த பேன்டம்

மூணு வாரமா ஒரு மகாகனி கட்டையோட மல்லுக்கட்டி நேத்து ராத்திரி தான் முடிச்சேன், எஃப்-4 பேன்டம்ங்கிற அமெரிக்க போர் விமானத்தோட மாடல், 1:48 ஸ்கேல், அதாவது நிஜத்துல 48ல ஒரு பங்கு. நிஜ விமானம் 19 மீட்டருக்கு கொஞ்சம் மேல, இதுல மூக்குல இருந்து வால் வரைக்கும் 40 சென்டிமீட்டர்.

பிளாஸ்டிக் கிட்டுன்னா வளைவெல்லாம் அச்சுலயே வார்த்து வந்துரும். மரத்துல ஒரு வளைவு ஏன் அங்க இருக்குன்னு தெரியாம உளிய வச்சா வேலை கெட்டுப்போகும், எனக்கு இதுல பிடிச்சதே அது தான்.

பேன்டம் இறக்கைய பாருங்க, நடுவுல மட்டமா போய் நுனி மட்டும் 12 டிகிரி மேல தூக்கி நிக்கும். 1958ல முதல் தடவை பறக்குறதுக்கு முன்னாடி காத்துச் சுரங்க டெஸ்ட்ல (குழாய் மாதிரி கூடத்துல மாடல வச்சு வேகமா காத்தடிச்சு பாக்குறது) பக்கவாட்டு ஆட்டம் இருக்குன்னு தெரிஞ்சிருக்கு, மொத்த இறக்கையவும் 5 டிகிரி தூக்கணும், ஆனா அப்படி பண்ணா நடுவுல இருக்குற டைட்டானியம் பகுதிய திரும்ப டிசைன் பண்ணணும், அதனால நுனிய மட்டும் 12 டிகிரி தூக்கி அந்த 5 டிகிரி பலன எடுத்துட்டாங்க. என்ன ஒரு மூளை!

நான் முதல்ல இறக்கைய ஒரே பலகையில நுனியோட சேர்த்து செதுக்கினேன். மரத்தோட நார் ஓடுற ரேகை நேரா ஓடுது, நுனி மேல ஏறுது, அந்த மடக்குல ரேகை குறுக்கா வெட்டுப்பட்டு பலமே இல்ல, 240 நம்பர் உப்புத்தாள் போடும்போது டக்குன்னு முறிஞ்சு கையோட வந்துருச்சு. அன்னைக்கு அதுக்கப்புறம் எதையும் தொடல.

அடுத்த தடவை நுனிய தனியா அறுத்து, சேர்ற ரெண்டு முகத்தையும் 6 டிகிரி 6 டிகிரியா சீவி, உள்ள ஒரு மில்லிமீட்டர் கன பித்தளைக் கம்பிய வளைச்சு சொருகி ஒட்டினேன். ஒட்டினப்புறம் தான் கவனிச்சேன், விமானம் தாங்கிக் கப்பல்ல இடம் அடைக்காம நிறுத்த நிஜ விமானத்தோட இறக்கை மடங்குற இடமும் அதே தான், அந்த கோடு தெரிஞ்சா தப்பே இல்லன்னு புட்டி போடாம விட்டுட்டேன்.

வால்ல ரெண்டு பக்கமும் நீட்டிட்டு இருக்குற சின்ன இறக்கை இன்னும் கஷ்டம், அது 23 டிகிரி கீழ தொங்கும். ரெண்டு பக்கமும் ஒரே கோணமான்னு கண்ணால பாத்தா ஏமாந்துருவோம், அட்டையில டெம்ப்ளேட் வெட்டி பின்னாடி இருந்து வச்சு, நடுவுல வெளிச்சம் ஒழுகுதான்னு பாத்து பாத்து தேய்ச்சேன், அதுக்கே ரெண்டு நாள் போச்சு.

மரத்தோட துளைய அடைக்குற சீலர் அடிச்சு 400 நம்பர் போட்டதும் ரேகை மூக்குல ஆரம்பிச்சு வால் வரைக்கும் தண்ணி ஓடுற மாதிரி தெரியுது. சாம்பல் பெயின்ட் அடிக்கலாம்னு டப்பாவ எடுத்து வச்சிருந்தேன், இப்ப மனசு வரல, மரமாவே ஸ்டாண்ட்ல ஏத்தி வச்சிருக்கேன்.