ஹிப்னோதெரபிக்கு முதல் ஒரு கடிதம்

யுத்த அதிர்ச்சிக்கு ஹிப்னோதெரபி (அறிதுயில் சிகிச்சை) தொடங்குவதற்கு வேண்டியிருந்த கடிதம் கைக்கு வந்து, அமர்வுகளும் முடிந்துவிட்டன. ஆனாலும் அந்த ஆஸ்பத்திரிக் கவுண்டரை நினைத்தால் இப்பவும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், வன்னியிலிருந்து இதற்கென்று வெளிக்கிடுகிற யாருக்காவது அலைச்சல் குறைந்தால் நல்லது.

2009 கடைசி யுத்தம் பற்றி இங்கே ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை; நான் அதில் காயப்பட்டுக் கப்பலில் ஏற்றப்பட்டவள், அண்ணா காணாமல்போனவர். மாரி இடி இடித்தால் உடம்பு விறைத்துவிடும், கோயிலில் வெடி கொளுத்தினால் கூட்டுறவுச் சங்கப் பேரேட்டை அப்படியே விரித்துவைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். உளநலக் கிளினிக்கில் தருகிற சேர்ட்ரலீன் குளிசையும் உளவளத்துணையும் பகலை ஒருமாதிரி சரியாக்கின. இரவுதான் பிரச்சினை. கிளினிக்கில் இருக்கும் உளவளத்துணையாளர் அக்காதான் ஹிப்னோதெரபியைத் துணையாகச் செய்துபார்க்கலாம், யாழ்ப்பாணத்தில் முறையாகப் படித்த உளவியலாளர் ஒருவர் இருக்கிறார் என்றார்.

இதைக் கேள்விப்பட்ட மச்சாள் சும்மா இருக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒருவரை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஆள் பெயருக்கு முன்னால் டொக்டர் போட்டிருந்தார். எதற்கு டொக்டர் என்று கேட்டால் நேரான பதில் இல்லை. மூன்று அமர்வில் யுத்த ஞாபகம் எல்லாவற்றையும் அழித்துவிடுவாராம், குளிசைகளை அன்றைக்கே நிறுத்த வேண்டுமாம். அதுகூடப் பரவாயில்லை. சுவரில் அண்ணாவின் படத்தைக் கண்டதும், "தங்கச்சி, உங்களைக் கப்பல் ஏறின நாளுக்கே திருப்பிக் கொண்டுபோறன், அண்ணாவை ஆர் கூட்டிக்கொண்டு போனது எண்டு நீங்களே சொல்லுவீங்கள்" என்றார். அம்மா அழத் தொடங்கிவிட்டார். நான் எழும்பி வாசல் கதவைத் திறந்துவிட்டேன். மச்சாள் இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை, சரி, போகட்டும்.

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் வன்னியில் இந்தத் தூண்டில் பலருக்கு வரும். அந்த யாழ்ப்பாணத்து உளவியலாளர் மிஸ் பிறகு விளக்கமாகச் சொன்னார்: ஹிப்னோசிஸில் ஞாபகம் என்று வெளிவருவதெல்லாம் நடந்ததாக இருக்கவேண்டியதில்லை, கேள்வி கேட்கிறவர் போடுகிற சொல்லும் அதற்குள் கலந்துவிடும், மோசம் என்னவென்றால் கலந்த பிறகு நமக்கு அது நூறு வீதம் உண்மை மாதிரித்தான் தெரியும். அமெரிக்காவில் பல மாநில நீதிமன்றங்கள் அப்படி வந்த சாட்சியத்தை ஏற்பதில்லை. அம்மா 2014இல் கிளிநொச்சியில் ஜனாதிபதி ஆணைக்குழு முன்னால் சாட்சி சொன்னவர், பிறகு காணாமற்போனோர் அலுவலகத்திலும் பதிந்தவர். எங்களிடம் மிச்சமிருப்பது அந்தச் சாட்சி ஒன்றுதான். அதற்குள் இல்லாத ஒரு ஆமிக்காரனையோ இல்லாத ஒரு வாகனத்தையோ நாங்களே கொண்டுபோய்ச் சேர்த்தால் என்ன ஆகும்? காணாமல்போனவர் உள்ள வீட்டில் யாராவது "பழைய நாளுக்குக் கொண்டுபோறன்" என்று சொன்னால், வந்த வழியைக் காட்டுங்கள்.

சரி, கடிதக் கதைக்கு வருவோம். யாழ்ப்பாணத்து மிஸ் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார், பார்க்கும் மனநல வைத்திய நிபுணரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும், என்ன குளிசை, வலிப்பு வந்திருக்கிறதா, இல்லாத குரல் கேட்கிறமாதிரி வேறு நோய் ஏதும் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும், இல்லாமல் தொடங்கமாட்டேன் என்று. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு தொடங்குகிறவரைவிட இப்படிக் கேட்கிறவர்தான் நம்பத்தகுந்தவர். என் தலையில் செல்பீஸ் (எறிகணைத் துண்டு) காயம் வேறு இருக்கிறது.

கிளினிக் கொப்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த கிளாக்கர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "பிரைவேட்டுக்கு நாங்கள் கடிதம் குடுக்கிறேல்ல." டொக்டரிடம் நேரே கேட்கிறேன் என்றால், "டொக்டர் கொழும்புக்குக் கூட்டத்துக்குப் போட்டார்." அன்றைக்குக் கிளினிக் நாள், வாங்கிலில் இருபது பேருக்கு மேல் காத்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருவருக்கும் ஒரு சொல் சொல்லவில்லை. முத்தையன்கட்டுப் பக்கத்திலிருந்து விடிய வெளிக்கிட்டு வந்த ஒரு அம்மா குளிசையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

அடுத்த தரம் வேறு கதை. தலைக்காயம் என்று கொப்பியில் எழுதியிருக்கிறதாம், ஆகவே 2009ஆம் ஆண்டு டயக்னோசிஸ் காட், அதாவது ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது நோயை எழுதித்தருகிற அட்டை, வேண்டுமாம். நான் 2009 பெப்ரவரியில் புதுமாத்தளனில் செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் திருகோணமலைக்கு ஏற்றப்பட்ட ஆள். அங்கே தந்த காட்டை அம்மா பொலித்தீன் பையில் சுற்றி மனிக்பாம் முகாம்வரை காப்பாற்றினார், அந்த ஆவணி மழையில் கூடாரத்துக்குள் வெள்ளம் வந்தபோது அதுவும் போய்விட்டது. இதைச் சொன்னால் கிளாக்கர், "அப்ப அந்த ஆஸ்பத்திரியில போய் டிக்கட் நம்பரைச் சொல்லி எடுத்துக்கொண்டு வாங்கோ" என்கிறார். கடற்கரையில் காயக்காரரோடு காயக்காரராகக் கிடந்து வள்ளத்தில் ஏற்றப்பட்டவளிடம் வார்ட் டிக்கட் நம்பர்! அவரும் புதுக்குடியிருப்பு ஆள் என்று பிறகு கேள்விப்பட்டேன், அதுதான் இன்னும் கொதித்தது.

நானும் ஒரு கிளாக்கர்தானே. வீட்டுக்கு வந்து ஒரு பக்கத்தில் விண்ணப்பம் எழுதினேன், மனநல வைத்திய நிபுணருக்கு, பணிப்பாளர் ஊடாக. என்ன தேவை, யார் கேட்டது, பழைய காட் ஏன் இல்லை என்பதை எழுதி, கிளினிக் கொப்பியின் போட்டோ கொப்பியையும் இணைத்து, இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றைக் கொடுத்து மற்றதில் திகதியோடு "கிடைக்கப்பெற்றது" முத்திரை குத்தித் தரச்சொன்னேன். குத்தமாட்டேன் என்றார். அப்படியென்றால் மறுக்கிற காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்றேன். குத்தினார். அந்தச் சத்தம் எனக்கு இப்பவும் இனிக்கிறது. எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வரும், வாயால் கேட்டால் ஆயுளுக்கும் நாளைக்கு வா என்பார்கள்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் அந்த விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே கூப்பிட்டார். பழைய காட் தேவையே இல்லையாம், தலை சிடி ஸ்கான் ஒன்றும் வலிப்பு வந்ததில்லை என்ற குறிப்பும் போதுமாம். கடிதத்தை அங்கேயே இருந்து எழுதினார். குளிசையை யார் சொன்னாலும் நிறுத்தக்கூடாது என்பதை இரண்டு தரம் சொன்னார்.

இனி அமர்வுகள். "வசியம் பண்ணிப்போடுவாங்கள்" என்று பயந்து அம்மாவும் கூடவே வந்தார், பரந்தனில் பஸ் மாறி யாழ்ப்பாணம்வரைக்கும் நேர்த்தி வைத்துக்கொண்டே. மயக்கமும் இல்லை, நித்திரையும் இல்லை. வெளியே ஓட்டோ போகிற சத்தம்வரை கேட்கும், பிடிக்காவிட்டால் கண்ணைத் திறந்து எழும்பலாம். சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச்சொல்லி, மூச்சைத் தணித்து, பத்திலிருந்து கீழே எண்ணுவது. அதுவரை சரி. பிறகு மிஸ், "இப்ப படியால மெல்ல மெல்லக் கீழ இறங்குறீங்கள்" என்றார்.

வன்னியாளுக்குப் படியால் கீழே இறங்கினால் எங்கே போகும்? பங்கருக்குள்தான். நெஞ்சு அடித்து, கண்ணைத் திறந்துவிட்டேன். இன்னொரு வழி பார்ப்போம் என்று அமைதியான கடற்கரையைச் சொன்னார், அலை, வெள்ளை மணல். மாத்தளனும் வெள்ளை மணல்தான். அன்றைக்கு அதோடு நிறுத்தச்சொன்னேன். மிஸ்ஸைக் குறைசொல்லமாட்டேன், உலகம் முழுக்க இந்தப் படியும் கடற்கரையும்தான் வழக்கமாம். நான் ஏன் எழும்பினேன் என்று கேட்டு, அங்கேயே எழுதிவைத்துக்கொண்டார். நீங்கள் போனால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், இறக்கம் வேண்டாம், கடல் வேண்டாம், கண் மூடுவது கட்டாயம் இல்லை என்று.

பிறகு இடத்தை என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். நான் முறிகண்டிப் பிள்ளையார் கோயில் முன்றலைச் சொன்னேன், சின்ன வயதில் அப்பாவோடு இறங்கித் தேங்காய் அடித்துவிட்டு, சுடச்சுடக் கச்சான்கடலை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு நிற்கிற நேரம். மிஸ் சிரித்துவிட்டு, கச்சான் வறுக்கிற சத்தத்தையே பிடித்துக்கொண்டு தொடங்கினார். படிக்குப் பதிலாக வயல் வரம்பால் நடை. அதற்குப் பிறகு உடம்பு இளகியது. செல் விழுந்த நாளைப் பற்றி ஒரு அமர்விலும் கேட்கவில்லை. மீதி அமர்வுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, எல்லாம் அதே மாதிரிதான்.

பலன்? நித்திரை முன்னேறியிருக்கிறது, இடையில் விழித்தாலும் திரும்பப் படுக்க முடிகிறது. இடிக்கு இன்னும் திடுக்கிடுகிறேன், ஆனால் ஓடுவதில்லை. குளிசை தொடர்கிறது. இது தனியாக நோயைத் தீர்க்கிற வைத்தியம் இல்லை என்று மிஸ்ஸே சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டலில் இந்த அதிர்ச்சி நோய்க்கென்று முன்வைப்பது, அதிர்ச்சியை மையமாக வைத்த அறிதல் நடத்தைச் சிகிச்சையும் ஈஎம்டிஆரும் (கண் அசைவுகளோடு அதிர்ச்சி ஞாபகத்தைக் கையாளுகிற சிகிச்சை)தான். அதற்கு என் பெயர் பட்டியலில் இருக்கிறது. யாழ்ப்பாணம் போய்வரக் காசில்லாதவர்கள் முதலில் கிளினிக் உளவளத்துணையாளரைப் பிடியுங்கள், மூச்சுப் பயிற்சியை அவர்களும் சொல்லித்தருவார்கள், அது இலவசம். நடுச்சாமத்தில் தாங்கமுடியாமல் போனால் 1926க்கு எடுக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், தமிழில் கதைக்கவேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

கடைசி அமர்வில் மிஸ் தன் குரலில் ஒரு ஒலிப்பதிவு போனில் போட்டுத்தந்தார், எங்கள் ஊர்க் கச்சானோடு. மோட்டார் சைக்கிள் ஓடும்போதோ அடுப்பில் உலை வைத்துவிட்டோ கேட்கவேண்டாம் என்றார். இரவில் படுக்கும்போது போடுகிறேன். வசியத்துக்குப் பயந்த அம்மா பக்கத்தில் படுத்து, கச்சான்காரியிடம் வரமுன்னமே குறட்டை விடத் தொடங்கிவிடுகிறார்.